பேரின்பநாயகம் யாரிடமும் உதவி கேட்டதில்லை

“இந்தக் கம்பெனியில சேர்ந்த நாள்முதல் நான் ஒருத்தரிட்டயும் ஒரு உதவியும் கேட்டதில்லை. கேட்கவேண்டி வந்ததுமில்லை. என்ர டிப்பார்ட்மெண்டை நான் தனியாளாய் நடத்துறன்.”

1986ஆம் ஆண்டு, ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், மீன்தலைக் கறியின் கண்ணுள்ள பக்கத்தைத் தம் இலைக்கு மாற்றிக்கொண்டபடியே திரு. இ. பேரின்பநாயகம் இந்த வாக்கியத்தை உலகத்துக்கு அருளினார். உயர்ந்த மனிதர்களின் இத்தகைய வாக்கியங்களைக் கல்லில் பொறிப்பது வழக்கம். அன்று கையருகே கல் எதுவும் இல்லாததால் அஹமது கபீர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். பின்னால் நடந்த அனைத்துக்கும் அதுவே காரணம்.

அஹமது கபீர் பினாங்குக் கிளையிலிருந்து அந்த வாரம்தான் சிங்கப்பூருக்கு மானேஜராக மாற்றலாகி வந்திருந்தார். விருந்தே அவரை வரவேற்கத்தான். மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டுக் கம்பெனியின் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். யார் யார் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால், யாருடைய உதவியும் தேவைப்படாத ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

பேரின்பநாயகத்தை ஆபீசில் எல்லாரும் ‘மிஸ்டர் நாயகம்’ என்பார்கள். முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டெலிபோன் மணி நின்றுவிடும். ஆன்சன் சாலையில் கப்பல்களுக்கு உதிரிபாகம் விற்கும் அந்தக் கம்பெனியில் அவர் சிஸ்டம்ஸ் ஆபீசர். அதாவது, குளிர்சாதன அறைக்குள் இரும்பு அலமாரி அளவில் நிற்கும் கம்ப்யூட்டரும் அதை நெருங்கும் உரிமையும் அவருக்கு. மற்றவர்களின் மேசையில் ஆளுக்கொரு திரையும் விசைப்பலகையும். இரண்டு வருடமாக அதில் எலெக்ட்ரானிக் மெயில் வேறு ஓடிக்கொண்டிருந்தது. இங்கே தட்டினால் பத்தடி தள்ளியிருக்கும் மேசையில் கடிதம் விழும். அந்த மேசைக்காரர் அதைத் தாளில் அச்சடித்து, ஃபைலில் போட்டு, பிறகு எழுந்து வந்து, “கிடைச்சுது லா” என்று சொல்லிவிட்டுப் போவார். முன்னேற்றம் என்றால் அப்படித்தான்.

இந்த மெயிலின் மறுமுனை உர்சுலா. முன்பு டெலெக்ஸ் ஆபரேட்டர். இப்போது ஹாங்காங் தலைமை ஆபீசுக்குப் போன் லைன் போட்டுக் கடிதங்களைத் தள்ளுவதும், வழிதவறியவற்றைத் திருப்புவதும், எந்தக் கப்பலின் கேப்டன் எந்த மொழியில் கோபப்படுவார் என்று நினைவில் வைத்திருப்பதும் அவள் வேலை. முப்பது வயது, கூர்மையான நாக்கு. ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவாள். திங்கள் முதல் வெள்ளி வரை நாயகத்தைத் திட்டுவாள்.

விருந்து முடிந்த திங்கட்கிழமை, கபீர் நாயகத்தைத் தம் அறைக்கு அழைத்தார்.

“ஹாங்காங்ல இருந்து ஆர்டர் வந்திருக்கு. பிசினஸ் டல்லு. நம்ம ஆபீஸ்ல ஒரு வேலையைக் குறைக்கணுமாம். யாரைக் குறைக்கிறதுன்னு மண்டையைப் போட்டு உடைச்சிட்டு இருந்தேன். நல்லவேளை, நீங்களே வழி சொல்லிட்டீங்க.”

“நான் சொன்னனானோ, சேர்? எப்ப?”

“மீன்தலை சாப்பிடறப்போ. தனியாளா நடத்துறேன்னீங்களே. அப்ப அந்த மெயில் பொண்ணு எதுக்கு? உர்சுலாவோட போஸ்டை எடுத்திரலாம்னு இருக்கேன்.”

நாயகத்துக்கு வேர்த்தது. குளிர்சாதன அறையில் வாழ்பவருக்கு வேர்ப்பது எளிதில் நிகழ்வதல்ல. அன்று காலை பத்து மணிக்குள்ளேயே மூன்று முறை உர்சுலாவுக்கு அவர் மெயில் அனுப்பியிருந்தார். ஒன்று போன் லைன் அறுந்ததற்கு. ஒன்று கொரியக் கேப்டனின் கோபத்துக்கு. மூன்றாவது தம் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று கேட்டு.

“அது... சாப்பாட்டு நேரத்துக் கதை, சேர். அவ இல்லாட்டி இந்த மெயில் ஒரு கிழமை ஓடாது.”

“அங்கே இருபது பேர் முன்னாடி ஒண்ணு சொன்னீங்க. இங்கே கதவைச் சாத்திட்டு ஒண்ணு சொல்றீங்க. நான் எதைய்யா நம்புறது? பேச்சுக்குப் பேச்சு செல்லாது. எழுத்துல காட்டுங்க. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கு ஹாங்காங்குக்குப் பேர் போயாகணும். நாலு மணிக்கு வாங்க.”

தற்பெருமை பேசியவர்கள் உலகில் ஏராளம். தாம் பேசியது பொய் என்று ஆதாரத்தோடு நிரூபிக்கும்படி மேலதிகாரியால் பணிக்கப்பட்டவர், நமக்குத் தெரிந்தவரை இவர் ஒருவரே.

ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. நாயகத்தின் தந்தை இராஜசிங்கம் மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். அடித்த தந்தி ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்துவிட்டுக் கண்மூடியவர். எறிவது என்பது அந்த வம்சத்தில் கிடையாது. டிஸ்க்கில் இடமில்லை என்று மற்ற எல்லாருடைய பழைய மெயிலையும் மாதாமாதம் ஈவிரக்கமின்றி அழிக்கும் நாயகம், தாம் அனுப்பிய மெயிலில் ஒன்றைக்கூட அழித்தவரில்லை. டிஸ்க் நிரம்பியதே அதனால்தான். இரண்டு வருடக் கடிதங்கள் ஒரே கோப்பாக, மலைப்பாம்பு போலக் கிடந்தன. உட்கார்ந்து படித்தால் ஒரு மாதம் பிடிக்கும். கையில் இருந்தது ஒரு நாள்.

அங்கேதான் ‘ஆக்’ வந்தது. ஆக் என்பது கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரு குட்டி மொழி. கோப்பை ஒவ்வொரு வரியாகப் படிக்கும். ‘இன்ன சொல்லைக் கண்டால் இன்னதைச் செய்’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் சலிக்காமல் செய்யும். சம்பள உயர்வு கேட்காது. நாயகம் அமெரிக்கக் கையேட்டைத் திறந்துவைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தம் வாழ்நாளின் முதல் சுயவிசாரணையைத் தொடங்கினார். கடிதத்தில் ‘ஹெல்ப்’ என்ற சொல் இருந்தால் ஒன்று கூட்டு. யாருக்கு எழுதியது என்று பார். கடைசியில் ஆள்வாரியாகச் சொல்.

திரை சிறிது யோசித்தது. பிறகு ஒரு பூஜ்யத்தைக் காட்டியது.

இரண்டு வருடத்தில் ஒரே ஒரு ‘ஹெல்ப்’ கூட இல்லை. அவர் சொன்னது மெய். விஞ்ஞானமே சான்று சொல்லிவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பூஜ்யத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருப்பார். அன்று, தாம் சரியாக இருந்ததற்காக வாழ்க்கையிலேயே முதல்முறையாக வருந்தினார்.

அன்று மாலை வீட்டுக்குப் போன பேருந்து டோபி காட் பகுதியில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய பள்ளத்தருகே வெகுநேரம் நின்றது. பள்ளத்தைப் பார்த்தபடியே வந்தார். அதைவிட ஆழமான ஒன்றைத் தாமே தோண்டியிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

மறுநாள் காலை ஆபீஸ் பேன்ட்ரியில் உர்சுலா மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. கரண்டி குவளையில் மோதிய வேகமே அதைச் சொன்னது.

“வாங்க, தனியாளு.”

“பிள்ளை, கோவிக்காதையும். நான் அதைச் சரிப்பண்ணத்தான் பாக்கிறன்.”

“என்னத்தைச் சரிப்பண்ணுவீங்க? எங்க வீட்ல நான்தான் சம்பாதிக்கிறேன் சார். அப்பா ஹார்பர்ல இருந்து ரிட்டையர் ஆகி நாலு வருஷமாச்சு. மீன் நல்லா இருந்துச்சுன்னு வாயில வந்ததைப் பேசிட்டு வந்துட்டீங்க. என் வேலையில்ல போகுது!”

“என்ர மெயில் முழுக்க மெஷினுக்குக் குடுத்துத் தேடினனான். உம்மட்ட நான் ஹெல்ப் கேட்டதா ஒண்டும் இல்லை எண்டு வருது.”

உர்சுலா கரண்டியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நாயகம் பயந்தார். அவள் சிரித்தாள். அது அதைவிட மோசமாக இருந்தது.

“ஹெல்ப்னு நீங்க எந்தக் காலத்துல எழுதினீங்க? ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’னுதானே எழுதுவீங்க! லைன் கட்டானா கைண்ட்லி. பிரிண்டர் மக்கர் பண்ணா கைண்ட்லி. கண்ணாடி காணோம்னாகூட கைண்ட்லி டூ தி நீட்ஃபுல். கண்ணாடிக்கு நான் என்ன நீட்ஃபுல் பண்றது? உங்க ஆளுங்க உதவின்னு வாயைத் திறந்து கேட்டுட்டா வானம் இடிஞ்சு விழுந்துடும், இல்ல?”

நாயகம் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினார். கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினார். மூன்று தலைமுறையாக வெள்ளைக்காரன் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்த குலம் அது. உதவி கேட்பது தாழ்வு. ‘தயைகூர்ந்து ஆவன செய்க’ என்பது உத்தரவுக்குத் தம்பி, வேண்டுகோளுக்கு அண்ணன். எந்தக் கௌரவமும் குறையாமல் எதையும் கேட்டுவிடலாம். ஆக் பாவம், அமெரிக்காவில் பிறந்தது. அதற்கு இந்த நுட்பமெல்லாம் எப்படித் தெரியும்?

சொல்லை மாற்றினார். ‘கைண்ட்லி’ உள்ள கடிதங்களை எல்லாம் எண்ணச் சொன்னார். ஆனால் எல்லாக் கைண்ட்லியும் உதவி ஆகாதே! ‘கைண்ட்லி நோட்’ என்றால் அது அதட்டல். அவற்றைக் கழிக்க ஒரு வரி. பெயர்வாரியாகப் பிரிக்க ஒரு வரி. அதைக் கையேட்டிலிருந்தே எடுத்துப் போட்டார்: பெறுநர் பெயரில் கடைசிச் சொல்லை எடுத்துக்கொள். சின்னப் பிழைகளைத் திருத்தி முடித்து அச்சடிக்க விட்டபோது மணி நாலுக்கு இரண்டு நிமிடம். பிரிண்டர் கரகரத்துக் கக்கிய தாளைக் கிழித்தார். தாளின் அடியில் பெரிய எண்ணாக 371 என்று இருந்ததை மட்டும் கண்டார். வெற்றி! மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் மாடிப்படி ஏறினார். கம்ப்யூட்டர் சொன்னதைச் சரிபார்ப்பது மற்றவர்கள் வேலை என்பது அவர் கொள்கை.

கபீர் தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“முந்நூத்தி எழுபத்தொண்ணா? அடேயப்பா! ஒத்துக்குறேன்யா. நீங்க தனியாளு இல்ல.”

நாயகம் பணிவோடு தலைகுனிந்தார்.

“அது சரி, யாருய்யா இந்த அற்புதராஜ்?”

“ஆர்?”

“அற்புதராஜ். மொத்த வேலையும் இந்த ஆளுதானே பார்க்கிறாரு! முதல் பேரே அவருதான். அடுத்து வேலாயுதம்னு ஒருத்தரு. எந்த மாடியில உட்கார்றாங்க? நான் ஒருத்தரையும் பார்க்கலையே. உர்சுலா பேரு இதுல ஓரிடத்துல கூட இல்லையே!”

நாயகம் தாளை எட்டிப் பார்த்தார். முதல் வரியில் அற்புதராஜ் கம்பீரமாக வீற்றிருந்தார். உர்சுலா என்ற பிறவி எடுத்ததற்கான அடையாளமே அந்தத் தாளில் இல்லை.

“கம்ப்யூட்டர் பிழை விடாது, சேர்,” என்றார். முப்பது வினாடிக்கு முன்பு அது அவருடைய பலமாக இருந்தது.

“அப்ப சரி. இந்த அற்புதராஜுக்கு நாம சம்பளம் கொடுக்கிறோமா, இல்லையா? கொடுக்கலைன்னா வெளியாளுக்குக் கம்பெனி விஷயமெல்லாம் எழுதிட்டு இருந்திருக்கீங்க. அது தனி விசாரணை. கொடுக்கிறோம்னா, அவரு இருக்கறப்ப உர்சுலா எதுக்கு? எப்படிப் பார்த்தாலும் அந்தப் பொண்ணு போஸ்ட் தேவையில்லைன்னுதானே இந்தத் தாள் சொல்லுது? அஞ்சரைக்கு அந்தப் பேரு போகுது, மிஸ்டர் நாயகம். அதுக்குள்ள வேற ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க.”

காப்பாற்றப் போன கை கிணற்றுக்குள் தள்ளிவிட்டது. நாயகம் இறங்கி வந்தார். படிகளில் ஏறியபோது இருந்த மனிதரல்ல இறங்கியவர். நேராக உர்சுலாவின் மேசைக்குப் போய், ஆபீஸ் முழுவதும் பார்த்திருக்க, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பிள்ளை, ஆர் இந்த அற்புதராஜ்?”

“எங்கப்பா. ஏன் சார்?”

“உம்மட அப்பாவோ!”

“ஆமா. அவரு என்ன பண்ணாரு?”

“இந்தக் கம்பெனியை அவர்தான் நடத்துறாராம்.”

தோ பாயோ வட்டாரத்து வீட்டில் சாய்வு நாற்காலியில் படுத்திருக்கும் திரு. அற்புதராஜுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு காற்றாடியின் சுவிட்சோடு முடிவது. தாளை வாங்கிப் பார்த்த உர்சுலா, சிரிப்பை அடக்க மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“கமலா! இங்க வாயேன். உங்கப்பாவும் இங்க வேலை பார்க்கிறாராம் லா!”

கணக்குப் பிரிவுக் கமலா வந்து எட்டிப் பார்த்தாள். அவள் தந்தை வேலாயுதம் காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. மகளின் ஆபீசில் அவர் இத்தனை சுறுசுறுப்பாக இருப்பது அவளுக்குப் புதிது.

“சார், ஐசி அடையாள அட்டையில எங்க பேரை எப்படிப் போட்டிருக்கான்? ‘உர்சுலா டாட்டர் ஆஃப் அற்புதராஜ்.’ நடுவுல டி, ஒரு கோடு, ஓ. நீங்க கடைசிப் பேரை எடுத்தா எங்கப்பாதானே வருவாரு?”

நாயகத்துக்கு உறைத்தது. அமெரிக்காவில் கடைசிச் சொல் குடும்பப் பெயராம். சிங்கப்பூரில் அது அப்பா. அவருடைய பிறப்புச் சான்றிதழை எழுதிய குமாஸ்தா தகப்பன் பெயரை முன்னால் முதலெழுத்தாகப் போட்டுவிட்டதால், தம் பெயரின் கடைசியில் எப்போதும் தாமே இருந்தார். உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நாற்பத்தைந்து வருடமாக நம்பியிருந்தார். திரையில் அவர் ‘உர்சுலா’ என்று தட்டினால் கம்ப்யூட்டர்தான் முழுப்பெயரைப் போட்டுக்கொள்ளும். அந்த மேல்வரியை அவர் என்றைக்குப் படித்தார்?

மணி நாலே முக்கால். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். தொண்டையில் ‘கைண்ட்லி’ வந்து நின்றது. அதை விழுங்கினார்.

“உர்சுலா, எனக்குத் தெரியேல்லை. இதை எப்பிடிப் பிரிக்கிறது எண்டு ஒருக்கால் சொல்லும். எனக்கு... உதவி செய்யும்.”

வானம் இடிந்து விழவில்லை. குளிர்சாதனம் மட்டும் ஒரு முறை இருமியது.

உர்சுலா கேலி செய்ய வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். “சுலபம் சார். அந்த டி-கோடு-ஓவுக்கு முன்னாடி என்ன இருக்கோ அதுதான் நாங்க. பின்னாடி இருக்கறது அப்பா. ஆம்பளைங்களுக்கு டிக்குப் பதிலா எஸ். மலாய்க்காரங்களுக்கு ‘பின்’, ‘பிந்தி’ன்னு இருக்கும். அதுக்கும் முன்னாடி இருக்கறதை எடுங்க. சீனவங்க பேரை அப்படியே முழுசா விட்டுடுங்க, வெட்டினீங்கன்னா எல்லாரும் சண்டைக்கு வருவாங்க.”

நாயகம் தட்டினார். அவள் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் எஸ்ஸை விட்டுவிட்டார். அவள் சுட்டினாள். சேர்த்தார். கமலாவும் வந்து நின்றாள். ஸ்டோரிலிருந்து சேக் தாவூதும் வந்து, தம் பெயரை வெட்டிவிடாதபடி காவல் நின்றார். கடைசி விசையை நாயகம் அழுத்தினார்.

பிரிண்டர் கரகரத்தது. இம்முறை நாயகம் தாளைக் கிழிக்கவில்லை. குனிந்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

முதல் வரியில் உர்சுலா இருந்தாள்.

கமலா தன் தகப்பனாரிடமிருந்து மீட்கப்பட்டு இரண்டாவது வரியில் நின்றாள். பெண்கள் விடுதலைக்காக அந்த ஆண்டு சிங்கப்பூரில் எத்தனையோ மேடைகளில் பேசியிருப்பார்கள். ஆறு வரி நிரலால் ஒரே நொடியில் இத்தனை மகள்களைத் தகப்பன்மாரின் நிழலிலிருந்து வெளியே கொண்டுவந்தது பேரின்பநாயகம்தான். கமலா கைதட்டினாள். சேக் தாவூது, தம் பெயர் முழுசாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தாமும் தட்டினார். பிறகு அந்த மாடி முழுவதும் கைதட்டியது. ஏன் தட்டுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. வெற்றி என்பது அப்படித்தான் பரவும்.

ஐந்தே காலுக்கு நாயகம் மறுபடி கபீர் முன் நின்றார். இந்த முறை தாளை மேசைமேல் வைத்துவிட்டு, முந்தின தாளில் அப்பாக்கள் நுழைந்த வரலாற்றை ஒளிக்காமல் சொன்னார். தவறு தம்முடையது, கம்ப்யூட்டருடையதல்ல என்றும் சொன்னார். அந்த அறையில் அவர் அப்படி ஒரு வாக்கியம் சொன்னது அதுவே முதல் தடவை.

கபீர் வெகுநேரம் படித்தார். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“இதைப் பார்த்தா, குறைக்கவேண்டியது உர்சுலாவை இல்ல போலிருக்கே. உங்களைத்தான்.”

“ஓம், சேர்,” என்றார் நாயகம். “அப்பிடியும் பாக்கலாம்.”

கபீர் சிரித்துவிட்டார். ஹாங்காங்குக்குப் போகவிருந்த தாளை எடுத்து, உர்சுலாவின் பெயர்மேல் ஒரு கோடு கிழித்தார். மற்றொரு கோட்டையும் அழுத்திக் கிழித்தார். அதன் கீழே, ‘இந்த ஆபீசில் குறைக்கத்தக்க வேலை எதுவும் இல்லை. ஆதாரம் இணைப்பில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“போய் அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க. இந்தக் கணக்கையும் இதோட சேர்த்து அனுப்பிடறேன். முந்நூத்தி எழுபத்தொண்ணு. சரிதானே?”

நாயகம் கதவுவரை போய்விட்டார். அங்கே சற்று நின்றார். திரும்பி வந்து, மேசையிலிருந்த பேனாவை எடுத்து, தாளின் அடியில் இருந்த எண்ணில் கடைசி ஒன்றை அடித்துவிட்டு, இரண்டு என்று எழுதினார்.

“இது இப்ப வாயால கேட்டது, சேர். மெஷினுக்குத் தெரியாது.”